ஒரே மனிதர் 25 ஆண்டுகள்: கெக்கோனன் காலத்துப் பின்லாந்து சனநாயக நாடுதானா?

பின்லாந்து இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் பன்முகக் கட்சி ஆட்சியுள்ள நாடாகவே இருந்தது என்று படிக்கிறோம். அப்படியிருக்க உர்ஹோ கெக்கோனன் என்ற ஒருவரே 1956 முதல் 1981 வரை குடியரசுத் தலைவராக இருந்தது எப்படி, அதிலும் 1974 முதல் 1978 வரையான நான்கு ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் நீட்டிக்கப்பட்டது எப்படி, அவர் சர்வாதிகாரியா அல்லது மாஸ்கோவின் கைப்பாவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவ்வளவு நீண்ட ஆட்சிக்கு எந்தச் சட்டம் இடம் கொடுத்தது என்பது ஒன்று. அந்தச் சட்டத்தை அப்படி வளைத்துக்கொள்ள ஒரு சுதந்திர நாடாளுமன்றம் ஏன் தானாகவே முன்வந்தது என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஐயமற்ற விடை உண்டு. இரண்டாவதில் சில பகுதிகளை உறுதியாகச் சொல்லலாம். சில பகுதிகளில் வரலாற்றாசிரியர்களே இன்னும் பிரிந்து நிற்கிறார்கள். ஐரோப்பிய அரசமைப்பு வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பின்னிய மொழி மூலங்களை மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்தவன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதவியின் தன்மையைப் பார்க்க வேண்டும். 1917 டிசம்பரில் ருஷ்யாவிலிருந்து விடுபட்ட பின்லாந்து, 1918இல் பழமைவாத 'வெள்ளையர்', சோசலிச 'சிவப்பர்' என இரண்டு தரப்பாகப் பிரிந்து உள்நாட்டுப் போர் நடத்தியது. வென்ற வெள்ளையர் தரப்பில் பலர் மன்னராட்சியை விரும்பினார்கள். ஒரு செருமானிய இளவரசரை மன்னராகத் தேர்ந்தெடுக்கவும் செய்தார்கள். அதே ஆண்டு செருமனி போரில் தோற்றதும் அந்த ஏற்பாடு குலைந்தது. அதன் பின் 1919இல் எழுதப்பட்ட அரசமைப்பு, குடியரசை விரும்பியவர்களுக்கும் முடியாட்சியை விரும்பியவர்களுக்கும் இடையே ஏற்பட்ட சமரசம்; ஆகவே குடியரசுத் தலைவருக்கு மன்னருக்குரிய பல அதிகாரங்கள் அதில் தங்கிவிட்டன. வெளியுறவுக் கொள்கையை நடத்துவது அவர். அமைச்சரவையை நியமிப்பதும் நாடாளுமன்றத்தைக் கலைத்துப் புதிய தேர்தலுக்கு உத்தரவிடுவதும் அவர் கையில் இருந்தன. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். மக்கள் நேரடியாக வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த 300 தேர்வாளர்கள் கூடி வாக்களித்தார்கள். ஒருவர் எத்தனை முறை போட்டியிடலாம் என்பதற்கு வரம்பே இல்லை. ஆகவே 1956, 1962, 1968, 1978 ஆகிய நான்கு தேர்தல்களில் அவர் வென்றதில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

கெக்கோனன் 1900 செப்டம்பர் 3 அன்று சாவோ பகுதியிலுள்ள பியெலவெசி என்ற ஊரில் பிறந்தார். தந்தை காட்டு வேலைகளில் தொடங்கி மேற்பார்வையாளராக உயர்ந்தவர். அவர் பிறந்த சிறு குடில் பிற்காலத்தில் ஏறக்குறைய நாட்டின் சின்னமாகவே ஆனது. பரவலாக அச்சான அதன் படத்தில் கூரையின் புகைபோக்கி அழிக்கப்பட்டிருந்தது. புகைபோக்கிகூட இல்லாத குடிலில் பிறந்தவர் என்றால் வாக்காளர்கள் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதியும் அல்லவா! அவருடைய அரசியலைப் பற்றி நீண்ட ஆய்வுரைகள் சொல்வதைவிட அந்தச் சிறு திருத்தம் அதிகம் சொல்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

பதினேழு வயதில் அவர் உள்நாட்டுப் போரில் வெள்ளையர் பக்கம் சேர்ந்து போரிட்டார். ஹமினா நகரில் சிவப்புக் கைதிகளைச் சுட்டுக் கொன்ற ஒரு படைப்பிரிவுக்கு அவரே தலைமை தாங்கினார் என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1921 முதல் 1927 வரை கம்யூனிஸ்டுகளைக் கண்காணித்த பாதுகாப்புக் காவல்துறையில் விசாரணையாளராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். அங்கே தட்டச்சராக இருந்த சில்வி ஊய்னோவை 1926இல் மணந்தார். சில்வி பிற்காலத்தில் எழுத்தாளராக அறியப்பட்டார். இடையில் 1924இல் உயரம் தாண்டுதலில் தேசிய வாகையரானார். அவர் தாண்டிய அதிகபட்ச உயரம் 1.85 மீட்டர். 1936இல் உள்ளாட்சி வாக்குரிமை பற்றிய ஆய்வுக்காகச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற சட்ட அறிஞர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை தெளிவாகும். அவர் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு சட்ட வடிவம் இருந்தது.

விவசாயிகள் கட்சியின் சார்பில் 1936இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர் அதே ஆண்டிலேயே நீதித்துறை அமைச்சராகவும், அடுத்த ஆண்டு உள்துறை அமைச்சராகவும் ஆனார். 1938இல் பாசிசச் சாயலுள்ள தேசபக்த மக்கள் இயக்கத்தைத் தடை செய்ய முயன்றார். நீதிமன்றம் தடையை நீக்கிவிட்டது. 1939-40 குளிர்காலப் போரின் முடிவில் சோவியத் நாட்டுடன் சமாதானம் செய்துகொள்வதை எதிர்த்து வாக்களித்த சிலரில் அவரும் ஒருவர். 1941இல் செருமனியோடு சேர்ந்து மீண்டும் போரில் இறங்கியதையும் முதலில் ஆதரித்தே எழுதினார். 1943 வாக்கில் செருமனி தோற்கும் என்பது தெரியத் தொடங்கியதும் சமாதானத்தை வலியுறுத்தியவர்கள் பக்கம் சாய்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பேசியபோது, பின்லாந்தின் எதிர்காலம் எந்த வல்லரசின் அணியிலும் சேராத நடுநிலையில் இருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்வோர் உண்டு. காலத்தைக் கணித்து முன்கூட்டியே திரும்பினார் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறை திரும்பிய பின் அடுத்த முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தத் திசையிலிருந்து அவர் விலகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1944 செப்டம்பரில் ஏற்பட்ட போர் நிறுத்தத்தின் விலை கடுமையானது. நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போயிற்று. நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்து மேற்கே வந்தார்கள். 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களை இழப்பீடாகக் கட்ட வேண்டியிருந்தது. தலைநகருக்கு அருகிலிருந்த போர்க்கலா சோவியத் கடற்படைத் தளமாயிற்று. பாசிகிவி தலைமையிலான அமைச்சரவையில் கெக்கோனன் மீண்டும் நீதித்துறை அமைச்சரானார். போருக்குப் பொறுப்பான தலைவர்களைப் பின்லாந்தே விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்று வென்றவர்கள் கேட்டார்கள். அப்படித் தண்டிக்க நாட்டில் சட்டம் இல்லை. நடந்து முடிந்த செயலைப் பின்னால் எழுதிய சட்டத்தால் குற்றமாக்குவது எந்தச் சட்ட மாணவனுக்கும் உறுத்தும் காரியம். 1945இல் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு கெக்கோனன் தலையில் விழுந்தது. அவரும் அதைச் செய்து முடித்தார். முன்னாள் குடியரசுத் தலைவர் ரிஸ்தோ ருதி உள்ளிட்ட எட்டுப் பேர் 1946 பிப்ரவரியில் தண்டிக்கப்பட்டார்கள். ருதிக்குப் பத்தாண்டுச் சிறை. நாடு பிழைப்பதற்காகச் சட்டக் கொள்கையை ஒதுக்கி வைக்கலாம், ஆனால் அதையும் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பு வழியாகவே செய்ய வேண்டும் என்ற அவருடைய அரசியல் முறை இங்கேதான் உருவானது என்பது என் கணிப்பு. 1973இல் பதவிக்காலம் சட்டத்தால் நீட்டிக்கப்பட்டதை நான் இந்த நிகழ்ச்சியின் நேர்த் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

பாசிகிவி 1946இல் குடியரசுத் தலைவரானார். 1948 ஏப்ரல் 6 அன்று சோவியத் நாட்டுடன் நட்பு, ஒத்துழைப்பு, பரஸ்பர உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. செருமனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து வழியாகத் தாக்கினால் பின்லாந்து தன் எல்லைக்குள் போரிடும், தேவைப்பட்டால் சோவியத் உதவியோடு போரிடும், ஆபத்து தென்பட்டால் இரு தரப்பும் கலந்தாலோசிக்கும் என்பது அதன் சாரம். 'கலந்தாலோசிக்கும்' என்ற விதிதான் பின்னால் பெரிய ஆயுதமாகப் பயன்பட்டது. கெக்கோனன் 1950 முதல் 1956 வரையான காலத்தில் ஐந்து அமைச்சரவைகளுக்குத் தலைமை தாங்கினார். போர்க்கலா தளத்தைத் திருப்பித் தருவதாக மாஸ்கோ 1955இல் உடன்பட்டபோது அங்கே சென்றிருந்த குழுவில் பாசிகிவியோடு பிரதமராக அவரும் இருந்தார். 1956 சனவரியில் தளம் கைமாறியது. சில வாரங்களில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது.

அந்தத் தேர்தலைச் சற்று நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். 1956 பிப்ரவரி 15 அன்று 300 தேர்வாளர்கள் கூடினார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் சுற்றில் முதிய பாசிகிவியின் பெயரும் திடீரென்று களத்துக்கு வந்தது. முதல் சுற்றில் சொந்த வேட்பாளருக்கு 56 வாக்குகள் அளித்திருந்த கம்யூனிஸ்டு அணித் தேர்வாளர்கள் இம்முறை தங்கள் வாக்குகளைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள்: 42 சமூக சனநாயகக் கட்சியின் ஃபாகர்ஹோல்முக்கு, 14 கெக்கோனனுக்கு. விளைவாக ஃபாகர்ஹோல்ம் 114, கெக்கோனன் 102, பாசிகிவி 84 என்று வந்து பாசிகிவி வெளியேறினார். கம்யூனிஸ்டுகளின் உண்மையான விருப்பம் கெக்கோனன்தான். ஆனால் பாசிகிவியை வெளியேற்றக் கெக்கோனனின் எதிராளிக்கே பெரும்பாலான வாக்குகளைக் கொடுத்தார்கள். மூன்றாம் சுற்றில் கெக்கோனன் 151, ஃபாகர்ஹோல்ம் 149. ஓர் ஆள் மாறி வாக்களித்திருந்தால் சமநிலை! அந்த ஒருவர் யார் என்ற ஊகம் இன்றுவரை ஓயவில்லை. வாக்குச் சீட்டுகள் இரகசியமானவை என்பதால் அதைப் பற்றி எழுதப்படும் கதைகள் எதையும் நான் உண்மையாக எடுத்துக்கொள்வதில்லை. உறுதியானது இவ்வளவுதான்: கால் நூற்றாண்டு ஆட்சியின் தொடக்கம் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. மார்ச் 1 அன்று அவர் பதவியேற்ற அதே நாளில் நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. அசைக்க முடியாதவராக அவர் தொடங்கவில்லை. அசைக்க முடியாதவராக ஆக்கிக்கொண்டார்.

எப்படி ஆக்கிக்கொண்டார் என்பதற்கு 1958 முதல் பாடம். அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் ஃபாகர்ஹோல்ம் கம்யூனிஸ்டுகளை ஒதுக்கிவிட்டு, பழமைவாதக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு பரந்த கூட்டணி அமைத்தார். அதிலிருந்த சில சமூக சனநாயகத் தலைவர்கள்மேல் மாஸ்கோவுக்கு ஆழ்ந்த அவநம்பிக்கை இருந்தது. சோவியத் தூதர் விடைபெறாமலேயே ஹெல்சிங்கியை விட்டுப் போனார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. வணிகப் பேச்சுகள் முடங்கின. பின்லாந்தில் இதை 'இரவு உறைபனி' நெருக்கடி என்று சொல்கிறார்கள். கெக்கோனன் தன் அரசுக்குக் கை கொடுக்கவில்லை; டிசம்பரில் அது கவிழ்ந்தது. 1959 சனவரியில் அவர் லெனின்கிராடுக்குப் போய்ச் சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சந்தித்தார், உறவு சீரானது. கிழக்கோடு உறவு கெட்டால் அதைச் சரிசெய்யக்கூடியவர் ஒருவரே என்ற எண்ணம் நாட்டுக்குள் அப்போதுதான் வேரூன்றத் தொடங்கியது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு, அதாவது 1961க்கு வருவோம். 1962 தேர்தலில் கெக்கோனனைத் தோற்கடிக்கச் சமூக சனநாயகர்கள் முதல் பழமைவாதிகள் வரை பல கட்சிகள் சேர்ந்து, நீதித்துறை உயர் பொறுப்பில் இருந்த ஒலாவி ஹொங்காவைப் பொது வேட்பாளராக்கின. கூட்டிப் பார்த்தால் அவர்கள் வெல்வதற்கு வாய்ப்பு இருந்தது. கெக்கோனன் அக்டோபரில் அமெரிக்கா சென்று வாஷிங்டனில் கென்னடியைச் சந்தித்தார். பின் ஓய்வுக்காக ஹவாய் தீவுகளுக்குப் போனார். அவர் அங்கே இருக்கும்போது, அக்டோபர் 30 அன்று, சோவியத் அரசின் குறிப்பு வந்தது: மேற்கு செருமனியின் படைபலம் வளர்கிறது, பால்டிக் பகுதிக்கு ஆபத்து, ஆகவே 1948 ஒப்பந்தப்படி இராணுவக் கலந்தாலோசனை தேவை. அதே நாளில்தான் வரலாற்றிலேயே மிகப் பெரிய அணுகுண்டைச் சோவியத் நாடு நோவயா செம்லியா தீவில் வெடித்துப் பார்த்தது. ஹெல்சிங்கியில் அந்தச் செய்திகளை ஒன்றாகப் படித்தவர்களின் மனநிலையை ஊகிக்க முயலுங்கள்.

கெக்கோனன் பயணத்தை உடனே முறித்துக்கொண்டு ஓடி வரவில்லை. வெளியுறவு அமைச்சர் கார்யலைனனை முன்னால் அனுப்பிவிட்டு, அமெரிக்க நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்டே திரும்பினார். பதற்றம் காட்டினால் நாடு பதறும் என்பது அவர் கணக்கு. கார்யலைனன் மாஸ்கோவில் சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோவைச் சந்தித்தபோது, பின்லாந்தின் அரசியல் நிலைமை தெளிவாக வேண்டும் என்ற பொருளில் பதில் கிடைத்தது. நவம்பர் 14 அன்று கெக்கோனன் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலை முன்கூட்டி நடத்த உத்தரவிட்டார். மாஸ்கோ அதோடு நிற்காமல் இராணுவப் பேச்சை மீண்டும் வலியுறுத்தியதும், குருஷ்சேவையே நேரில் சந்திக்கக் கிளம்பினார். நவம்பர் 24 அன்று சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்கில் சந்திப்பு நடந்தது; இராணுவக் கலந்தாலோசனையைத் தள்ளிவைக்கக் குருஷ்சேவ் உடன்பட்டார். அதே நாளில் ஹொங்கா போட்டியிலிருந்து விலகினார். 1962இல் கெக்கோனன் 300இல் 199 வாக்குகள் பெற்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் 151!

இவை எல்லாம் ஐயமற்றவை. ஐயம் தொடங்கும் இடம் இது: குறிப்பு வரப்போவது அவருக்கு முன்பே தெரியுமா, அவரே அதைக் கேட்டு வாங்கினாரா? கேட்டு வாங்கினார் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதற்கு எதிரான தரப்பு, பெர்லின் சுவர் எழுந்து இரண்டே மாதமான சூழலில் மாஸ்கோவுக்குச் சொந்தக் காரணங்கள் போதுமான அளவு இருந்தன என்கிறது. நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல்களை நெருக்கமாக வைத்தால், நாடாளுமன்றத் தேர்தலில் ஒன்றோடொன்று மோத வேண்டிய எதிர்க்கட்சிகளின் கூட்டணி உடையும் என்று அவர் 1961 வசந்தத்திலேயே திட்டமிட்டிருந்தார் என்பது தெரிந்த செய்தி. ஒரு தரப்பு இதைச் சதிக்குச் சான்று என்கிறது. எனக்கோ இது நேர் எதிராகப் படுகிறது. கையில் அப்படி ஒரு உள்நாட்டுத் திட்டம் இருந்தவருக்கு, தன் நாட்டின் நடுநிலைமேல் உலகமே ஐயம் கொள்ளும்படியான இராணுவக் குறிப்பு தேவையில்லை. மறுதேர்தலில் அவர் வெல்ல வேண்டும் என்று சோவியத் தரப்பு விரும்பியது, அதற்கு உதவ முயன்றது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். அவரே எழுதி வாங்கினார் என்பது நிறுவப்படவில்லை. வந்த குறிப்பைத் தன் வெற்றிக்கு முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பது மட்டும் மறுக்க முடியாதது.

'மாஸ்கோவின் ஆள்' என்ற குற்றச்சாட்டையும் இதே முறையில்தான் அணுக வேண்டும். ஹெல்சிங்கியில் இருந்த சோவியத் உளவுத்துறைத் தலைவர்களோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. உள்நாட்டு அரசியலை அவர்களோடு பேசினார். இதில் இரகசியம் இல்லை. அக்காலப் பின்னிய அரசியல்வாதிகள் பலருக்கும் அப்படி ஒரு சோவியத் தொடர்பாளர் இருந்தார். அத்தகைய உளவுத்துறையினர் தங்கள் மேலதிகாரிகளுக்குக் கெக்கோனனைத் தங்கள் கைக்குள் இருப்பவராக வருணித்திருக்கிறார்கள் என்பதும் தப்பியோடிவந்த அதிகாரிகளின் வழியாக வெளிவந்தது. ஆனால் தன் செல்வாக்கை மிகைப்படுத்தி எழுதாத உளவதிகாரி அரிது. ஓர் அலுவலகம் தன் கோப்பில் ஒருவரை எப்படி வகைப்படுத்தியது என்பதை வைத்து அந்த மனிதரின் நோக்கத்தை முடிவுசெய்ய இயலாது. செயல்களைப் பாருங்கள். 1960 செப்டம்பரில் தன் 60ஆவது பிறந்தநாளுக்கு வந்த குருஷ்சேவோடு தம்மினியெமி இல்லத்தின் நீராவிக் குளியலறையில் விடியும்வரை பேசி, மேற்கு ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தோடு பின்லாந்து இணைய இசைவு பெற்றார்; 1961இல் இணைப்பு நடந்தது. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. 1978இல் சோவியத் பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவ் கூட்டு இராணுவப் பயிற்சி நடத்தலாம் என்று கேட்டபோது, அந்த யோசனை ஏற்கப்படவில்லை. ஏவலாளாக இருப்பவர் செய்யும் காரியங்கள் இவை அல்ல. கிழக்கில் நம்பிக்கையைக் கடனாக வாங்கி மேற்கில் வணிக இடத்தைப் பெற்றார். அந்தக் கடனுக்கான வட்டியை உள்நாட்டு அரசியல் கட்டியது என்று சுருக்கலாம்.

அந்த வட்டி எவ்வளவு என்பதற்கு 1973ஆம் ஆண்டே அளவுகோல். அவருடைய மூன்றாம் காலம் 1974 மார்ச் மாதம் முடிய வேண்டும். பொருளாதாரச் சமூகத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாஸ்கோ அதை ஐயத்தோடு பார்த்தது. 1972 ஆகஸ்டில் சோவியத் நாட்டின் சவிதோவோ வேட்டை மாளிகையில் அந்நாட்டுத் தலைவர் பிரெஷ்னேவோடு நடந்த உரையாடல் பற்றிய அவருடைய குறிப்பு கசிந்து சுவீடன் பத்திரிகையில் வந்ததும், பொறுப்பிலிருந்து விலகிவிடுவதாகக் கெக்கோனன் மிரட்டினார். அவர் இல்லாவிட்டால் வணிக ஒப்பந்தமும் இல்லை என்று கட்சிகள் அஞ்சின. தேர்தல் நடத்தி அவரை வெல்ல வைப்பதற்குப் பதிலாக, பதவிக்காலத்தை 1978 வரை நீட்டிக்கும் விதிவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அரசமைப்பிலிருந்து விலகும் சட்டத்தை உடனடியாக நிறைவேற்ற, அளிக்கப்பட்ட வாக்குகளில் ஆறில் ஐந்து பங்கு வேண்டும். 1973 சனவரி 18 அன்று ஆதரவாக 170, எதிராக 28. மொத்தம் 198 வாக்குகளில் 165 தேவை. அதாவது ஐந்து வாக்குகளே மிச்சம். கெக்கோனனின் கட்சியிலிருந்து பிரிந்து தனிக்கட்சி தொடங்கிய வெய்க்கோ வென்னமோ இதை மிகக் கடுமையாக எதிர்த்தார்.

என் மதிப்பீட்டில் 1961ஐவிட இதுவே பெரிய கறை. 1961இல் வெளியிலிருந்து வந்த அச்சுறுத்தல் உண்மையானது, தேர்தலும் நடந்தது. 1973இல் எல்லையில் படைகள் திரளவில்லை. தேர்தல் நடந்திருந்தாலும் அவர் வென்றிருப்பார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வாக்காளர்முன் நின்று கேட்கும் சிரமத்தைக்கூட ஏற்க விரும்பாத ஒருவருக்கு, நாடாளுமன்றமே முறையான வாக்கெடுப்பில் அந்தச் சலுகையை வழங்கியது. சர்வாதிகாரி நாடாளுமன்றத்தை மூடுவார். இங்கே நாடாளுமன்றம் திறந்தே இருந்தது, வாதிட்டது, எண்ணிப் பார்த்து விட்டுக்கொடுத்தது. 1978 தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாமே அவரை வேட்பாளராக நிறுத்தின. 300இல் 259 கிடைத்தது. எதிர்க்கட்சி என்று சொல்லத்தக்க ஒன்று அந்தப் பதவியைப் பொறுத்தவரை மறைந்துபோயிற்று.

உள்நாட்டில் அவர் நடந்துகொண்ட முறையும் இதற்குத் துணை நின்றது. அமைச்சர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் சுடச்சுடக் கடிதம் எழுதுவார். வார இதழில் புனைபெயரில் கட்டுரைகள் எழுதி அரசியல்வாதிகளைத் தாக்குவார், யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 1975 நவம்பரில் கட்சித் தலைவர்களை மாளிகைக்கு அழைத்து, தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கருவிகளின் முன்னால் நிற்கவைத்து, வேலையின்மை பெருகும் நேரத்தில் அரசு அமைக்காமல் இழுத்தடிக்கிறீர்களே என்று கண்டித்தார். விரைவில் மியெத்துனன் தலைமையில் அமைச்சரவை உருவானது. அதே ஆண்டு கோடையில்தான் ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா அரங்கில் 35 நாடுகளின் தலைவர்கள் கூடி ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாட்டின் இறுதி ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள்; அமெரிக்க அதிபர் போர்டும் பிரெஷ்னேவும் ஒரே கூடத்தில் இருக்க, விருந்தளிப்பவராகக் கெக்கோனன் தலைமை தாங்கினார். அவர் வாழ்வின் உச்சம் அதுவே. உயிரோடு பதவியிலிருந்த அவருடைய உருவம் 500 மார்க்கா நாணயத்தாளில் அச்சானதும் 1975இல்தான். சனநாயக நாடுகளில் இது சாதாரண வழக்கம் அல்ல. மறுபக்கத்தில், அயல்நாட்டை எரிச்சலூட்டும் எதையும் எழுதத் தயங்கும் பழக்கம் பத்திரிகைகளிலும் பதிப்பகங்களிலும் பரவியது. எல்லை தாண்டித் தப்பிவந்த சோவியத் குடிமக்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதில் எவ்வளவு அவருடைய நேரடி ஆணை, எவ்வளவு பிறர் தாமாகவே போட்டுக்கொண்ட கடிவாளம் என்று பிரித்து அளப்பது கடினம். பெரும்பகுதி இரண்டாவது வகை என்பதே நான் படித்தவற்றிலிருந்து வந்த முடிவு, உறுதியாகச் சொல்லத்தக்கது அல்ல.

வீழ்ச்சி என்று ஒன்று நடக்கவில்லை, உடல்தான் கைவிட்டது. அதற்குச் சற்று முன் ஒரு நிகழ்ச்சி. 1981 ஏப்ரலில், பிரதமர் மௌனோ கோய்விஸ்டோ விலக வேண்டும் என்று கெக்கோனன் குறிப்புக் காட்டினார். முன்பெல்லாம் அந்தக் குறிப்பே போதும். கோய்விஸ்டோ, அமைச்சரவை நிற்பது நாடாளுமன்றத்தின் நம்பிக்கையால் என்று சொல்லி விலக மறுத்தார். கெக்கோனனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அரசமைப்பில் அந்தப் பதில் 1919 முதல் எழுதப்பட்டே இருந்தது. ஆகஸ்டில் மீன்பிடிக்க ஐஸ்லாந்து சென்று திரும்பியபின் அவர் உடல்நிலை மோசமானது. செப்டம்பரில் விடுப்பில் போனார். அக்டோபர் 27 அன்று பதவி விலகல் நடைமுறைக்கு வந்தது. நினைவாற்றல் குறைந்துவந்தது பல ஆண்டுகளாக நெருங்கியவர்களுக்குத் தெரியும், மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அதன் பின் தம்மினியெமியிலேயே வாழ்ந்து 1986 ஆகஸ்ட் 31 அன்று இறந்தார்.

இனி அப்படி ஒருவர் வர முடியுமா என்று நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குச் சட்ட அளவில் தெளிவான பதில் உண்டு. 1982இல் குடியரசுத் தலைவரான கோய்விஸ்டோவின் காலத்திலேயே, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் பதவி வகிக்கக் கூடாது என்ற வரம்பு 1991இல் வந்தது. 1994 தேர்தலிலிருந்து தேர்வாளர் குழு நீங்கி மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2000 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசமைப்பின்படி பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. வெளியுறவுக் கொள்கையைக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையோடு சேர்ந்தே நடத்த வேண்டும். நாடாளுமன்றத்தைக் கலைக்க, காரணம் காட்டிப் பிரதமர் முன்வைக்கும் கோரிக்கை தேவை. கெக்கோனன் தனியாகப் பயன்படுத்திய மூன்று கருவிகளும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுவிட்டன. 1948 ஒப்பந்தம் சோவியத் நாடு கலைந்ததும் 1992இல் முடிவுக்கு வந்தது. 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது.